சிவப்பில் விழுந்த பெயர்

ஜூன் 3

அன்புள்ள வாலு,

நாற்பத்தெட்டு வயது ஆளை வாலு என்று கூப்பிடாதே என்று நீயும் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டாய். பெயர் சொல்லி எழுதினால் அக்கா கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வாய். கோபம் இல்லையடா. பயந்துபோயிருக்கிறேன்.

என் நம்பரை உன் ஃபோனில் தடுத்து வைத்துவிட்டாய். பக்கத்து வீட்டு ஃபோனிலிருந்து கூப்பிட்டேன். "ஹலோ" என்றாய். நான் "டேய்" என்று ஆரம்பித்ததும் வைத்துவிட்டாய். பக்கத்து வீட்டுக்காரி என் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடு. கடிதத்தை நீ பாதியில் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிக்கவும் கையில் வாங்கித்தான் ஆக வேண்டும்.

அன்று சாப்பாட்டு மேஜையில் நான் சொன்னதை நீ முழுதாகக் கேட்கவில்லை. அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தூங்குகிற வேலை என்று ஊரெல்லாம் சொல்வாய். என் வேலை இதுதான். நெஞ்சுவலி வந்து குணமாகி வீட்டுக்குப் போகிறவர்களில் யார் மாத்திரையைத் தொடர்ந்து போடுவார்கள், யார் பாதியில் நிறுத்துவார்கள் என்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே கணித்துச் சொல்லும். வயது, தினம் எத்தனை மாத்திரை, வீட்டில் கூட யார் இருக்கிறார்கள், மருந்தை மாதாமாதம் வாங்குகிறாரா, எல்லாவற்றையும் பார்க்கும். போடுவார் என்றால் பச்சை, சந்தேகம் என்றால் மஞ்சள், நிறுத்திவிடுவார் என்றால் சிவப்பு. சிவப்பில் இருப்பவர்களை எங்கள் நர்ஸுகள் ஃபோனில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். இது ஆட்களைக் காப்பாற்றுகிற வேலைதான், ஜோசியம் இல்லை.

என் வீட்டுக்கு நாலு நாள் இருக்க வந்த இடத்தில் உனக்கு நெஞ்சு அடைத்தது. எங்கள் ஆஸ்பத்திரியில்தான் ரத்தக்குழாய் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதனால் உன் பெயரும் உள்ளே போயிற்று. தனி ஆள், கல்யாணம் இல்லை, ஷிப்ட் வேலை, பழைய பிரஷர் மாத்திரையை இரண்டு முறை நீயே நிறுத்தியவன். சிவப்பு விழாமல் என்ன விழும்?

நோயாளியிடம் அதைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி. எனக்கு வாய் நிற்கவில்லை. "நீ மூணு மாசத்துல நிறுத்திடுவேன்னு வந்திருக்குடா" என்று சொல்லிவிட்டேன். நீ தட்டைத் தள்ளிவிட்டு, "அப்ப நான் செத்தா உனக்கு மார்க் போடுவாங்களா?" என்று கேட்டாய். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஸ்டேஷனில் உன் பையில் நான் திணித்த நாலு டப்பாவும் பத்திரமாக இருக்கிறதா? ஒரு டப்பா ஒரு வாரத்துக்கு. கிழமைக்குக் கிழமை காலைக்கு ஓர் அறை, இரவுக்கு ஓர் அறை. உனக்குச் சிரமமே வேண்டாம் என்று எல்லாவற்றையும் அட்டையிலிருந்து பிரித்து நானே போட்டு வைத்திருக்கிறேன். திறக்க வேண்டும், விழுங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

&nbsp;

ஜூன் 11

டாக்டருக்குப் படிக்காத டாக்டரம்மாவுக்கு,

திட்டி எழுதச் சொன்னாய். அதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

உங்கள் நர்ஸ் ஒருத்தி கூப்பிட்டாள். குரல் நன்றாக இருந்தது. "ஐயா, மாத்திரை தவறாம போடுறீங்களா?" என்றாள். "போடுறேன்மா" என்றேன். "ரொம்ப சந்தோஷம் ஐயா" என்றாள். அவள் வேலையும் முடிந்தது, என் வேலையும் முடிந்தது. இதற்குத்தான் அந்த அமர்க்களமா?

என் பிறப்பு, வளர்ப்பு, கல்யாணம் ஆகாத கதை எல்லாம் உன் கம்ப்யூட்டருக்குத் தெரிகிறது. நான் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறேன் என்று அதற்குத் தெரியுமா? துறைமுகத்துப் பெரிய க்ரேனின் உச்சியில் கண்ணாடிக் கூண்டு. காலுக்குக் கீழேயும் கண்ணாடி. முழங்காலுக்கு நடுவில் குனிந்து கீழே பார்த்துக்கொண்டே கப்பலிலிருந்து பெட்டிகளை இறக்க வேண்டும். ஒரு பெட்டி ஒரு வீடு அளவு இருக்கும். ஏற ஏணி, இறங்க ஏணி. மேலே கக்கூஸ் கிடையாது. நான் இறங்கினால் கப்பல் நிற்கும். கப்பல் நின்றால் கீழே இருக்கிற மேஸ்திரி வாக்கி டாக்கியில் என் பரம்பரையையே இழுப்பான்.

ஊருக்கு வந்த முதல் நாள் உன் டப்பாவைத் திறந்து பயபக்தியோடு விழுங்கிவிட்டு ஏறினேன். அரை மணிக்கு ஒரு தடவை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு பாட்டில் நிறைந்தது. அப்புறம் கூண்டில் பாட்டில் இல்லை. அதற்குமேல் என்ன நடந்தது என்று என் வாயால் சொல்லமாட்டேன். நாற்பத்தெட்டு வயது ஆள் ஈர பேண்டோடு ஏணியில் இறங்கினால் கீழே நிற்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று நீயே யோசித்துக்கொள்.

ஆகவே, வேலை இருக்கும் நாளில் உன் காலை அறையை நான் திறப்பதே இல்லை. லீவு நாளில் திறக்கிறேன். இரவு அறையைத் தினமும் திறக்கிறேன். போதாதா?

கம்பெனியில் முதுகுவலிக்கு லீவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நெஞ்சு என்று தெரிந்தால் மறுநாளே கூண்டைவிட்டு இறக்கிவிடுவார்கள். எனக்கு அந்தக் கூண்டைத் தவிர வேறு என்ன இருக்கிறது, சொல். நீயும் கூட்டிப் பெருக்கிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று கண்டுபிடித்துத்தானே சிவப்பு அடித்தாய்.

வாலு (என்னையும் எழுத வைத்துவிட்டாய்)

&nbsp;

ஜூன் 16

டேய்,

உன் கடிதம் வந்த நிமிடத்திலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

உன்னை இறங்கி ஓட வைத்தது ஒரே ஒரு மாத்திரை. நீர் மாத்திரை. நீ அதை மட்டும் விட்டிருந்தால்கூட நான் திட்டிவிட்டுப் போயிருப்பேன். காலை அறையையே திறக்கவில்லை என்கிறாயே! அதற்குள்தானே எல்லாம் இருக்கிறது. ஸ்டென்டில் ரத்தம் கட்டாமல் பார்த்துக்கொள்கிற மாத்திரை, இதயத்துக்குப் பலம் கொடுப்பது, துடிப்பை நிதானப்படுத்துவது, எல்லாம் அந்த ஒரு அறையில்தான். ரத்தம் கட்டாமல் இருப்பதற்கான அந்த ஒன்றை ஒரு நாள்கூட விடக்கூடாது என்று டாக்டர் உன் முகத்துக்கு நேரே சொன்னார். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன்னைச் சொல்லி என்ன? எல்லாம் வெள்ளை, எல்லாம் வட்டம். அட்டையோடு கொடுத்திருந்தால் எது எதுவென்று பார்த்து அந்த ஒன்றை மட்டும் ஒதுக்கியிருப்பாய். பிரித்துக் கொட்டி ஒன்றாகக் கலந்தது நான். பெரிய உபகாரம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு செய்தேன். எனக்கு அறிவு இருந்ததா?

இப்போது நான் சொல்வதைச் செய். அந்த டப்பாக்களைத் தூக்கிப் போடு. உன் ஊரிலேயே எங்கள் ஆஸ்பத்திரியோடு இணைந்த மருந்துக்கடை ஒன்று இருக்கிறது. சீட்டைக் காட்டி அட்டையாக வாங்கு. பெரிய டாக்டரிடம் போய் நின்றேன். "வேலை முடிஞ்சு இறங்கினதும் நீர் மாத்திரையைப் போடட்டும். மத்ததைக் காலையில போடணும், ஏறுறதுக்கு முன்னாடி" என்றார். அவ்வளவுதான். இதற்கா உயிரைப் பணயம் வைத்தாய்?

இன்னொன்று. இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. உன் கொக்கியில் ஒரு வீடு தொங்குகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே ஆட்கள் நடக்கிறார்கள். மேலே உனக்குக் கண் இருட்டினால்? கம்பெனியில் உண்மையைச் சொல்லிவிடு. கெஞ்சிக் கேட்கிறேன். பதிலை அடுத்த தபாலிலேயே போடு.

அக்கா

&nbsp;

ஜூலை 2

அக்கா,

முதலில் உட்கார். உட்கார்ந்துகொண்டு படி.

போடுகிறேன். எல்லாவற்றையும் போடுகிறேன். உன் கடிதம் வந்த மறுநாளிலிருந்து ஒரு நாள் விடவில்லை. நீர் மாத்திரை இறங்கின பிறகு, மற்றவை ஏறுவதற்கு முன்னால். உடனே உனக்கு எழுதியிருக்கலாம். இரண்டு நாள் போட்டுவிட்டு எழுதினால் "இரண்டு நாள்தானே" என்பாய். இரண்டு வாரம் ஆகட்டும், கம்ப்யூட்டர் முகத்தில் கரியைப் பூசிவிட்டு எழுதலாம் என்று வேண்டுமென்றேதான் இருந்தேன். இப்போது பூசியாயிற்று.

என் கூட்டாளியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். ஒரே க்ரேனை நாங்கள் இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுகிறோம் என்று சொல்லியிருக்கிறேனே, அவன்தான். முதலில் அரை மணி நேரம் திட்டினான். அப்புறம் தினமும் காலையில் ஏணிக்குக் கீழே நின்றுகொண்டு கையை நீட்டுகிறான். "போட்டியா? வாயைத் திற. போடாம ஏறினே, கூண்டுச் சாவியைக் கடல்ல வீசிடுவேன்." உன் நர்ஸைவிட இவன் பரவாயில்லை. குரல்தான் நன்றாக இல்லை.

ஒரு விஷயம் கேள். நேற்று ஏணியில் எங்கேயும் நிற்காமல் ஏறினேன். முன்பெல்லாம் நடுவில் தளத்தில் நின்று கடலை ரசிப்பதுபோல் பாவனை பண்ணுவேன். உண்மையில் மூச்சு வாங்கும். நேற்று கடலைப் பார்க்கவே இல்லை, நேராக ஏறினேன்.

மருந்தை நீ சொன்ன கடையில் வாங்கவில்லை. அது ஊருக்கு நடுவில் இருக்கிறது, நான் இறங்குவதற்குள் மூடிவிடுகிறான். துறைமுக வாசலுக்கு எதிரே ஒரு பெரியவர் சின்னக் கடை வைத்திருக்கிறார். அதே மருந்துதான், அதே பெயர்தான், உன் சீட்டை வைத்து ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்தேன்.

கம்பெனி விஷயமும் யோசித்துவிட்டேன். நீ சொன்னது உறைத்தது. கீழே நடக்கிறவர்களில் பாதிப் பேர் என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவர்கள். வருகிற திங்கட்கிழமை நானே கம்பெனி டாக்டரிடம் போய்ச் சொல்லப்போகிறேன். தானாகப் போய்ச் சொன்னவனுக்குக் கரையில் பெட்டி அடுக்குகிற சின்ன க்ரேனைக் கொடுத்திருக்கிறார்களாம். மறைத்துப் பிடிபட்டவனைத்தான் வீட்டுக்கு அனுப்புவார்களாம். சின்ன க்ரேன் என்றால் தரையிலிருந்து எட்டிப் பிடிக்கிற உயரம், கடலும் தெரியாது. போகட்டும், க்ரேன் க்ரேன்தான்.

ஃபோனில் உன் நம்பரையும் விடுவித்துவிட்டேன். ஆனால் திங்கட்கிழமை வரைக்கும் கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டால் பயம் தொற்றிக்கொள்ளும். சொல்லிவிட்டு நானே கூப்பிடுகிறேன்.

வாலு

&nbsp;

ஜூலை 3

வாலு,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. தினமும் தபால் பெட்டியைத் திறந்து மூடுகிறேன். ஃபோனை எடுத்து எடுத்து வைக்கிறேன், நீ தடுத்துத்தானே வைத்திருக்கிறாய்.

நேற்று மாதக் கணக்கு வந்தது. மருந்து வாங்கினவர்கள் எல்லாருடைய பெயரும் வந்திருக்கிறது. உன் பெயர் இல்லை. எங்கள் கடைகள் எதிலும் நீ ஒரு மாத்திரைகூட வாங்கவில்லை. நான் கொடுத்த டப்பாவும் இதற்குள் தீர்ந்திருக்கும். உன் சிவப்பு இன்னும் மேலே ஏறிவிட்டது. பட்டியலில் உனக்கு மேலே ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது.

நான் என்ன செய்யட்டும்? நீ அந்த உயரத்தில் வெறும் நெஞ்சோடு உட்கார்ந்திருக்கிறாய். கண்ணை மூடினால் நீ கண்ணாடித் தரையில் கவிழ்ந்து கிடப்பதுபோல் தெரிகிறது. கீழே யாரோ அண்ணாந்து பார்க்கிறார்கள்.

இன்று காலை உன் கம்பெனி டாக்டருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். எல்லாவற்றையும் எழுதினேன். ஸ்டென்ட், முதுகுவலி என்று நீ சொன்ன பொய், மாத்திரை போடாதது, எல்லாம். நம் இரண்டு பேருக்குள் மறைத்தது போதும், ஊருக்கே தெரியட்டும் என்று துணிந்துவிட்டேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நீ உயிரோடு இருந்து என்னை ஆயுசுக்கும் வெறுத்துக்கொண்டிரு. அது போதும் எனக்கு.

அக்கா

&nbsp;

ஜூலை 7

என் தங்கமே, வாலு,

உன் கடிதம் இன்று வந்தது. உட்கார்ந்து படி என்று எழுதியிருந்தாய். நின்றுகொண்டே படித்தேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன், தரையிலேயே.

நீ போட்டுக்கொண்டுதான் இருந்தாய். நீயே போய்ச் சொல்வதாக இருந்தாய். அந்தத் திங்கட்கிழமை நேற்றே போய்விட்டது.

கம்பெனிக்கு ஃபோன் போட்டேன், டாக்டர் அறையில் இல்லை என்கிறார்கள். "நான் எழுதியது தப்பு, என் தம்பி ஒழுங்காக மருந்து போடுகிறான்" என்று இன்னொரு மின்னஞ்சல் அனுப்பினேன். உன்னைக் கூப்பிட்டேன். மணி அடிக்கிறது, நீ எடுக்கவில்லை. தடுத்திருந்தால்கூடத் தேவலை. மணி அடிக்க அடிக்க என் உயிர் போகிறது.

ஜூலை 3 தேதி போட்டு என்னிடமிருந்து ஒன்று வரும். பிரிக்காதே. அப்படியே கிழித்துப் போட்டுவிடு. என்ன நடந்தது என்று மட்டும் சொல்லடா.

அக்கா

&nbsp;

ஜூலை 15

அக்காவுக்கு,

கிழிக்கச் சொன்னதைக் கிழிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன்.

நடந்தது என்ன என்று கேட்டாய். திங்கட்கிழமை காலையில் சவரம் செய்துகொண்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டே போனேன். கதவைத் திறந்ததும் கம்பெனி டாக்டர், "வாங்க, உங்களைத்தான் கூப்பிட்டனுப்ப இருந்தேன்" என்றார். நீ அனுப்பியதை அச்செடுத்து மேஜையில் வைத்திருந்தார். பக்கத்தில் மேனேஜர்.

"சார், நானே சொல்லத்தான் வந்தேன்" என்றேன்.

"பிடிபட்டதுக்கு அப்புறம் எல்லாரும் அதைத்தான்யா சொல்றாங்க" என்றார் மேனேஜர்.

மாத்திரை அட்டைகளை எடுத்துக் காட்டினேன். மருந்துக்கடைப் பெரியவரைக் கூட்டிவருகிறேன் என்றேன். என் கூட்டாளியைக் கேளுங்கள் என்றேன். அதுதான் நான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம். "ஓ, அவருக்கும் தெரியுமா?" என்றார்கள். அவனையும் ஒரு மாதம் வேலையைவிட்டு நிறுத்திவைத்துவிட்டார்கள். மூன்று பிள்ளைகள் அவனுக்கு. வாசலில் என்னைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

உன் இரண்டாவது மின்னஞ்சலையும் படித்தார்களாம். தம்பிக்காக அக்கா பொய் சொல்கிறாள் என்று சிரித்தார்களாம். எனக்கு வேலை போயிற்று. ஆகஸ்ட் கடைசி வரை குவார்ட்டர்ஸில் இருக்கலாம், அப்புறம் காலி செய்ய வேண்டும். ஜன்னலிலிருந்து க்ரேன் தெரிகிறது. வேறு எவனோ ஓட்டுகிறான். பெட்டியைத் தொப்பென்று போடுகிறான், பார்க்கச் சகிக்கவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

காலையில் எழுந்தால் கையை நீட்டிக்கொண்டு நிற்க ஏணிக்குக் கீழே யாரும் இல்லை. ஏற ஏணியும் இல்லை. எதற்காகப் போட வேண்டும் என்று அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. வைத்துவிட்டேன். அதோடு சரி.

நீ சொன்ன மூன்று மாதம்கூட ஆகவில்லை. உன் கம்ப்யூட்டர் கெட்டிக்காரப் பிசாசுதான்.

வராதே. வந்தால் கதவைத் திறக்கமாட்டேன்.

&nbsp;

ஜூலை 22

வாலு,

அடியில் பெயர்கூடப் போடாமல் முடித்துவிட்டாய்.

நேற்று எங்கள் மாதக் கூட்டம். எந்தக் கணிப்பு பலித்தது, எது பலிக்கவில்லை என்று திரையில் போடுவார்கள். சிவப்பில் விழுந்தவர்களில் இத்தனை பேர் நிறுத்திவிட்டார்கள் என்று எங்கள் மேலதிகாரி பெருமையாகச் சொன்னார். பச்சையாக ஒரு டிக். உன் எண்ணுக்கு எதிரேயும் ஒரு டிக். 'கணிப்பு சரி.' எல்லாரும் கை தட்டினார்கள்.

நீ அன்றைக்குக் கேட்டாயே, உனக்கு மார்க் போடுவார்களா என்று. போட்டுவிட்டார்கள்.

நான் எழுந்து நின்றேன். "இது சரியில்ல சார். இவர் போட்டுக்கிட்டுத்தான் இருந்தார். வேற கடையில வாங்கினார். நாமதான் நிறுத்த வச்சோம்" என்றேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். மேலதிகாரி நல்லவர், "உக்காருங்கம்மா, தண்ணி குடிங்க" என்றார். நான் உட்காரவில்லை, வெளியே வந்து படிக்கட்டில் நின்று அழுதேன். வேலை நேரத்தில் அழுதது இதுதான் முதல் தடவை.

எதற்காகப் போட வேண்டும் என்று கேட்கிறாய். எனக்காகப் போடு என்று சொல்ல எனக்கு வாயில்லை. நான் செய்து வைத்திருக்கிற காரியத்துக்கு அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை? உன் கூட்டாளி வீட்டு முகவரி கொடு, அவன் காலில் விழுகிறேன். உன் கம்பெனி வாசலில் உட்காரச் சொன்னால் உட்காருகிறேன். பொய்யாகவாவது போட்டேன் என்று எழுது என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன், பார், அது வேண்டாம். உண்மையாகப் போடு. வெறுப்பாகவே போடு. என்னைத் திட்டிக்கொண்டே விழுங்கு.

படுத்தால் மூச்சு எப்படி இருக்கிறது? கால் வீங்குகிறதா? இதற்காவது பதில் எழுது. நீ வராதே என்றதால் வராமல் உட்கார்ந்திருக்கிறேன். பெட்டி கட்டி வாசலிலேயே இருக்கிறது.

அக்கா

&nbsp;

ஆகஸ்ட் 4

அக்கா,

கேட்டதற்குப் பதில். படுத்தால் மூச்சு முட்டுகிறது. அதனால் படுப்பதில்லை, நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறேன். கூண்டில் உட்கார்ந்து பழகின உடம்புதானே. கால் வீங்கியிருக்கிறது. செருப்பு ஏறவில்லை. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது, வேடிக்கையாக இருக்கிறது. கடைக்குப் போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறேன். இந்தத் தடவை கடலை ரசிப்பதாகப் பாவனை பண்ணவும் முடியவில்லை, தெருவில் கடல் இல்லையே.

நேற்று அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். கோபத்தில் நிறுத்தியது. இப்போது கோபம் பாதிதான் இருக்கிறது. ஆனாலும் கை போகவில்லை. இத்தனை நாள் விட்டதற்கு அப்புறம் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன என்று இருக்கிறது.

பயப்படாதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. எனக்கே பயமாக இருக்கிறது அக்கா.

வராதே என்று சொன்னதைத் திரும்பச் சொல்கிறேன். சொன்னது சொன்னதுதான்.

வாலு

&nbsp;

ஆகஸ்ட் 8, காலை

வாலு,

இது தபாலில் வரவில்லை. உன் கதவுக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கடிதம் நேற்று மதியம் வந்தது, கிடைத்த வண்டியில் ஏறிவிட்டேன்.

தட்டித் தட்டிக் கை சிவந்துவிட்டது. தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. உள்ளே தாழ் போட்டிருக்கிறாய். நீ இருமுவது கேட்கிறது. எவ்வளவு பக்கத்தில் கேட்கிறது தெரியுமா! ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டேன், புறப்பட்டுவிட்டதாம். காவலாளி ஆளைக் கூட்டிவரப் போயிருக்கிறார், தாழை உடைக்க. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் எல்லாரும் ஜன்னலில் நிற்கிறார்கள். நிற்கட்டும்.

அட்டையைக் கையில் எடுடா. இத்தனை நாள் விட்டால் என்ன? அதற்காக இனி வேண்டாம் என்று ஆகிவிடுமா? எந்த டாக்டரைக் கேட்டாலும் இன்றிலிருந்து போடு என்றுதான் சொல்வார். நான் கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். வேறு ஒன்றும் நான் பேசமாட்டேன். அறிவுரை சொல்லமாட்டேன். சிவப்பு, பச்சை என்று என் வாயில் இனி வராது. உன் முகத்தைப் பார்த்த பிறகு நீ போ என்றால் போய்விடுகிறேன். இல்லை, போகமாட்டேன். பொய் சொல்ல முடியவில்லை.

இந்தத் தாளைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். பேனாவும் சேர்த்துத் தள்ளுகிறேன். பேசப் பிடிக்காவிட்டால் எழுது. ஏதாவது எழுது. கெஞ்சுகிறேன்.

அக்கா

&nbsp;

அதே நாள், அதே தாளின் பின்பக்கம்

அக்கா

கத்தாதே. காது கேட்கிறது. பேசினால் மூச்சு வாங்குகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கதவுக்குத் தாழ் போடவில்லை. கடிதத்தைத் தபாலில் போட்ட அன்றே எடுத்துவிட்டேன். வராதே என்றால் நீ வருவாய் என்று எனக்குத் தெரியாதா. அதற்குக் கம்ப்யூட்டர் எதற்கு.

நான்தான் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன். திறக்கத்தான் வந்தேன். இதுவரைக்கும்தான் வர முடிந்தது. எழுந்திருக்க முடியவில்லை.

மாத்திரை கையில் இருக்கிறது. தண்ணீர் அடுப்பங்கரையில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாது. உன் பையில் தண்ணீர் இருக்கிறதா.

நகரப் பார்க்கிறேன். மெதுவாகத் தள்ளு.